தென்னாப்பிரிக்காவில் மலேரியா மருந்து எதிர்ப்பைத் தேடப் போகிறீர்களா? முதல் ரத்தப் பொட்டு வைக்கும் முன் படிக்க வேண்டியவை

டர்பனில் என் முதுகலை ஆய்வை ஒருவழியாக முடித்துவிட்டேன். தலைப்பு ஒரே வரிதான்: குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடக்குக் கிளினிக்குகளுக்கு வரும் மலேரியா நோயாளிகளின் ஒட்டுண்ணிகளில், மருந்துக்கு அடங்காத மரபணு மாற்றங்கள் இருக்கின்றனவா? ஆய்வகத்தில் நான் நின்று வேலை பார்த்தது மொத்தம் ஒன்பது வாரம். மீதிப் பதினான்கு மாதமும் காகிதத்துக்கும் காத்திருப்புக்கும் போயிற்று. அதில் பாதி என் அறியாமையால் போனது.

இப்போது ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் "அக்கா, எங்கே ஆரம்பிக்கணும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து அறிவியல் படிக்கும் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்துக் கை வலிக்கிறது. அதனால் இது.

மலேரியாவின் வரலாறு, கொசுவின் வாழ்க்கை எல்லாம் இதில் கிடையாது. எந்தத் தாள், எந்த வரிசை, எவ்வளவு நாள், எங்கே காலை வாரும், அவ்வளவுதான்.

1. எந்த மரபணு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மருந்து எதிர்ப்பை ஆராய்தல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த மருந்து, எந்த மரபணு, அதில் எந்த இடம் என்று சொல்லியாக வேண்டும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியில் வழக்கமாகப் பார்க்கும் மரபணுக்கள் இவை.

கெல்ச்13: ஆர்ட்டிமிசினின் வகை மருந்து கொடுத்தும் ஒட்டுண்ணி மெதுவாகவே ஒழிகிறது என்றால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழும். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன கட்டுரை 2014-இல் வந்தது. கம்போடியாவில் பெயர் வாங்கிய மாற்றம் சி580ஒய். அதாவது 580-ஆவது இடத்தில் சிஸ்டீன் இருக்க வேண்டும், டைரோசின் உட்கார்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியவை வேறு: ருவாண்டாவில் ஆர்561எச், உகாண்டாவில் ஏ675வி, சி469ஒய், எரித்ரியாவிலும் எத்தியோப்பியாவிலும் ஆர்622ஐ.

எம்டிஆர்1: 86, 184, 1246 ஆகிய இடங்கள். இந்த நாட்டில் கொடுக்கும் ஆர்ட்டிமீத்தர்-லூமெஃபான்ட்ரின் மாத்திரையில் இரண்டாவதாக இருக்கும் லூமெஃபான்ட்ரினோடு தொடர்புடையது.

சிஆர்டி: 76-ஆவது இடம், குளோரோகுயினுக்கு. டிஎச்எஃப்ஆர், டிஎச்பிஎஸ்: சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினுக்கு.

ஐந்தையும் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். குவாசூலு-நட்டாலில் 2001 முதல் லூமெஃபான்ட்ரின் கூட்டு மாத்திரைதான் கொடுக்கிறார்கள். ஆகவே கெல்ச்13-உம் எம்டிஆர்1-உம் முதுகலைக்குப் போதும். சிஆர்டியையும் சேர் என்று மேற்பார்வையாளர் சொன்னால் சேருங்கள், அது சின்ன வேலை.

இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, கெல்ச்13-இல் ஏ578எஸ் என்ற மாற்றம். ஆப்பிரிக்காவில் அங்கங்கே தென்படும், எண் 580-க்குப் பக்கத்தில் இருப்பதால் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். அதற்கும் ஆர்ட்டிமிசினின் எதிர்ப்புக்கும் தொடர்பில்லை. உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்யப்பட்ட மாற்றங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். பட்டியலில் இல்லாததை "எதிர்ப்பு" என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது, எம்டிஆர்1-இன் 86-ஆவது இடம். மாற்றம் இல்லை என்றால் நல்ல செய்தி என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எழுதுகிறார்கள். நானும் எழுதினேன். லூமெஃபான்ட்ரினைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ்: 86-இல் மாறாத வடிவம்தான் அந்த மருந்தைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்குகிறது. குளோரோகுயினுக்கு எதிராக மாறிய வடிவம் இதில் பின்வாங்குகிறது. எந்த மருந்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒவ்வொரு வரியிலும் சொல்லியாக வேண்டியது இதனால்தான்.

2. ரத்தமே எடுக்காமல் செய்ய முடியுமா என்று பாருங்கள்

கையில் ஆறு மாதம்தான் இருக்கிறது, பணமும் இல்லை என்றால் ஊசியைத் தொடவே வேண்டாம். மலேரியாஜென் கூட்டமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பில் 33 நாடுகளிலிருந்து 20,864 மாதிரிகளின் முழு மரபணுத் தொகுதி விவரங்கள் இருக்கின்றன, இலவசம். மலேரியா மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் வொர்ன் வலையமைப்பின் கெல்ச்13 வரைபடத்தையும், உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியா அச்சுறுத்தல் வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இவற்றை வைத்தே ஒழுங்கான ஆய்வு செய்யலாம்.

வரைபடத்தில் புள்ளியே இல்லாத ஊரைப் பார்த்து "இங்கே எதிர்ப்பு இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். யாரும் போய்ப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பொதுத் தரவை மட்டும் பயன்படுத்தினாலும் எத்திக்ஸ் கமிட்டியிடம், அதாவது ஆய்வு நெறிமுறைக் குழுவிடம், "விலக்கு" என்று ஒரு கடிதம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளில் அதைத்தான் கேட்பார்கள்.

3. காகிதங்களின் வரிசை

ரத்தம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உட்கார்ந்து இதைப் படியுங்கள். என் பதினான்கு மாதமும் இங்கேதான் தொலைந்தது.

முதலில் உங்கள் பெயரில் நற்கிளினிக்கல் நடைமுறைப் பயிற்சிச் (ஜிசிபி) சான்றிதழ் வேண்டும், நோயாளிகளை வைத்து ஆய்வு செய்வதற்கான பயிற்சி அது. இணையத்திலேயே முடிக்கலாம், ஓரிரு நாள் வேலை. இல்லாமல் விண்ணப்பித்தால் உள்ளேயே எடுக்க மாட்டார்கள். உங்களுடையது மட்டும் போதாது, மேற்பார்வையாளருடையதும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். என்னுடைய விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்ததே அதனால்தான். எங்கள் பேராசிரியரின் சான்றிதழ் அதற்கு முந்தைய மாதமே முடிந்துவிட்டிருந்தது. அவருக்குத் தெரியாது, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்து எத்திக்ஸ் கமிட்டி. அந்தக் கமிட்டி தேசிய சுகாதார ஆய்வு நெறிமுறைக் குழுமத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகக் கமிட்டிகள் பதிவானவைதான், இருந்தாலும் பதிவு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாப் படிவங்களிலும் அதைக் கேட்பார்கள். எனக்கு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து இறுதிக் கடிதம் வரை ஐந்து மாதம் ஆனது. மூன்று மாதத்தில் முடிந்தவர்களும் இருக்கிறார்கள். கமிட்டி மாதத்துக்கு எத்தனை முறை கூடுகிறது, கடைசித் தேதி எது என்று கேட்டுவையுங்கள். ஒரு நாள் தவறினால் ஒரு மாதம் போயிற்று.

மூன்றாவது, இங்கே 'கேட்கீப்பர் பெர்மிஷன்' என்று சொல்வார்கள், அதாவது வாசல் காப்பவரின் அனுமதி. மாகாண சுகாதாரத் துறை, மாவட்டம், அந்தந்தக் கிளினிக் ஆகிய மூன்றும் சம்மதிக்க வேண்டும். மாகாண விண்ணப்பத்தைத் தேசிய சுகாதார ஆய்வுத் தரவுத்தளத்தில் இணையவழி போட வேண்டும். லிம்போப்போ, ம்புமலாங்கா என்று இன்னொரு மாகாணத்துக் கிளினிக்கையும் சேர்த்தால் அந்த மாகாணத்துக்குத் தனி விண்ணப்பம்.

இதில்தான் பெரிய சுழல் இருக்கிறது. கிளினிக் சம்மதித்த கடிதம் எங்கே என்று எத்திக்ஸ் கமிட்டி கேட்கிறது. எத்திக்ஸ் ஒப்புதல் எங்கே என்று கிளினிக் கேட்கிறது. நான் இரண்டு மாதம் இரண்டு பக்கமும் மாறிமாறி மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருந்தேன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் ஓர் அலுவலக அம்மா, "நீ தற்காலிக ஒப்புதல் கேட்டாயா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எத்திக்ஸ் கமிட்டி நிபந்தனையோடு ஒரு தற்காலிகக் கடிதம் தரும். அதை வைத்து மாகாணத்திலும் கிளினிக்கிலும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனால் முழு ஒப்புதல் கிடைக்கும். முதல் விண்ணப்பத்தின் முகப்புக் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, ரத்த மாதிரிகளை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கொடுப்பதற்கான பரிமாற்ற ஒப்பந்தம். 2018-இல் சுகாதார அமைச்சு அரசிதழில் வெளியிட்ட ஒரு பொது ஒப்பந்த வாசகம் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். சொந்தமாக வாசகம் எழுதினால் சட்டப் பிரிவில் சிக்கிக்கொள்ளும். மாணவர் இதில் கையெழுத்துப் போட முடியாது, மேற்பார்வையாளரும் பெரும்பாலும் முடியாது. இரண்டு நிறுவனங்களிலும் கையெழுத்து அதிகாரம் உள்ளவர் யார் என்று முதல் நாளே கண்டுபிடியுங்கள். அவர் விடுப்பில் போகும் தேதியையும் சேர்த்து.

ஐந்தாவது, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஏற்றுமதி அனுமதி. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் கீழ் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய சுகாதாரத் துறை கொடுக்கிறது. எத்திக்ஸ் கடிதம், ஒப்பந்தம், பெறுபவரின் கடிதம் எல்லாம் இணைக்க வேண்டும். போய்ச் சேரும் நாட்டில் இறக்குமதி அனுமதி வேண்டுமா என்பது தனிக் கதை. என் அபிப்பிராயம் கேட்டால், சீக்வென்சிங்கை, அதாவது மரபணு வரிசையைப் படிக்கும் வேலையை, இந்த நாட்டுக்குள்ளேயே செய்துகொள்ளுங்கள். வெளியே கொஞ்சம் மலிவு என்று மேலோட்டமாகத் தெரியும். காத்திருக்கும் மாதங்களுக்கு நீங்கள் கொடுக்கும் அறை வாடகையை யாரும் அதில் கூட்டுவதில்லை.

இன்னும் ஒன்று: போப்பியா என்று இங்கே எல்லோர் வாயிலும் அடிபடும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். நோயாளியின் பெயர் ஒரு தாளில், குறியீட்டு எண் இன்னொரு தாளில், இரண்டும் வேறு வேறு பூட்டுக்குள். சின்னக் கிராமத்தில் ஊர்ப் பெயரும் வயதும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதையும் யோசியுங்கள்.

4. ஒப்புதல் படிவம் எந்த மொழியில்?

என் படிவம் ஆங்கிலத்திலும் இசிசூலுவிலும் இருந்தது. மொழிபெயர்ப்பாளரின் சான்றிதழோடு சுத்தமாக இருந்தது. மலேரியாவுக்கு இசிசூலுவில் 'உமலலெவெவா' என்பார்கள், அதைக்கூட உச்சரித்துப் பழகியிருந்தேன்.

டர்பனிலிருந்து வடக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். முதல் நோயாளி ஓர் இளைஞர், கொத்தனார் வேலை. விரைவுச் சோதனைக் கருவியில் இரண்டு கோடு விழுந்திருந்தது, மலேரியாதான். நான் "சனிபோனானி" என்று இசிசூலுவில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். அவர் சிரித்தார், தலையாட்டினார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்தது மொசாம்பிக்கில் பேசும் போர்த்துகீசும் சாங்கானாவும். கிளினிக் சிஸ்டருக்கு அரைகுறையாகச் சாங்கானா வரும், மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லும் அளவுக்கு. ஆய்வுக்கு ஒப்புதல் வாங்க அது போதாது, அனுமதியும் இல்லை. அவர் என் கண் முன்னால் நான்கு மஞ்சள் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். முதல் வேளை மாத்திரை உள்ளே போய்விட்டால் என் மாதிரியும் போயிற்று. அன்று நான் வெறும் கையோடு திரும்பினேன்.

போர்த்துகீசு, சாங்கானா படிவங்களைச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் போட்டேன். ஆறு வாரம் ஆனது, சீசன் நடுவில். ஆகவே விண்ணப்பம் எழுதும் முன்பே கிளினிக்குக்கு ஒரு முறை போய், போன வருடம் வந்த நோயாளிகள் என்ன மொழி பேசினார்கள் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் என்று தனித்தனிப் படிவங்கள். முதல் ஆய்வுக்குப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படிவத்தோடு ஒரு கேள்வித்தாளும் போகும். அதில் உள்ள எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி பயணத்தைப் பற்றியது. தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடிக்கப்படும் மலேரியாவில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது. நீங்கள் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தால் முதல் கேள்வியே "இது யார் ஊர் ஒட்டுண்ணி?" என்பதுதான். பதில் இல்லையென்றால் அந்த மாதிரியை எந்த வரைபடத்திலும் வைக்க முடியாது.

ஆனால் "வெளிநாடு போனீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவது அவர்களுக்கு வெளிநாட்டுப் பயணமே இல்லை, வீட்டுக்குப் போய்விட்டு வந்தது. சிலருக்குப் பயமும் இருக்கும், தாள் இல்லாமல் வந்திருப்பார்கள். எங்கள் கிளினிக் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த கேள்வி இது: "கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்த ஊரில் இரவு படுத்துத் தூங்கினீர்கள்?" அப்படிக் கேட்டால் வரிசையாகச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட், அனுமதி பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள், படிவத்தில் அதற்குக் கட்டமே வைக்காதீர்கள்.

5. ரத்தப் பொட்டு

விரல் நுனியில் குத்தி, தடிமனான வடிதாளில் மூன்று பொட்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர், அதாவது நன்றாகத் திரண்ட ஒரு பெரிய சொட்டு. சொட்டு தாளில் தானாக ஊறிப் பின்பக்கமும் சிவக்க வேண்டும். விரலைத் தாளில் தேய்க்காதீர்கள். எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட் பட்டால் ஓடிவிடும். ரத்தம் மாத்திரைக்கு முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும். நேரத்தையும் குறியுங்கள்.

காயவைப்பதில்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். வடாம் போல வெயிலில் வைக்கக் கூடாது, முடி உலர்த்தும் கருவியும் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில், எதன் மேலும் ஒட்டாமல், முடிந்தால் இரவு முழுக்க. நான் சாட்ஸ்வொர்த் கடையில் வாங்கிய, தட்டு கவிழ்க்கும் கம்பிச் சட்டத்தில் செருகி வைத்தேன், அட்டைகள் கச்சிதமாக நின்றன. மேலே கொசுவலைத் துணி. முதல் வாரம் துணி போடாமல் விட்டு இரண்டு அட்டையை ஈ மொய்த்தது, அவற்றைத் தூக்கி எறிந்தேன்.

காய்ந்த பொட்டு கருஞ்சிவப்பாக, பழைய குங்குமம் போல இருக்கும். இன்னும் பளபளவென்று சிவந்திருந்தால் காயவில்லை என்று அர்த்தம். அட்டை ஒன்றுக்கு ஒரு ஜிப் பை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் சிலிக்காவாக வாங்குங்கள்: ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது, உடனே மாற்ற வேண்டும். ஜனவரியில் அந்தப் பக்கத்துப் புழுக்கத்துக்கு வாரம் ஒரு முறை நான் மாற்றினேன். ஈரம் புகுந்தால் பூஞ்சை வரும், டிஎன்ஏ சிதையும். நல்ல உலர்வில் அறை வெப்பத்திலேயே வாரக்கணக்கில் தாங்கும். மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை. நீண்ட நாளுக்கு என்றால் மைனஸ் 20 டிகிரி.

வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். நான் குடியிருந்த வீட்டுப் பெரியம்மா சாம்பார் பொடிக்குப் பக்கத்தில் அதை விடமாட்டார். எத்திக்ஸ் கமிட்டியும் விடாது. அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

சோதனை முடிந்த விரைவுச் சோதனைக் கருவியையும், ஒப்புதலில் சேர்த்திருந்தால், எறியாமல் பையில் போட்டுவையுங்கள். அதன் பட்டையிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம். பொட்டு கெட்டுப்போன நாளில் அது கைகொடுக்கும். சிரையிலிருந்து எடுக்கும் ரத்தம் என்றால் இடிடிஏ குழாய், ஊதா மூடி. ஹெப்பரின் குழாய் வேண்டாம், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் ஓடாது.

நோயாளிக்கு மருந்து கொடுப்பதும், 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிப்பதும் கிளினிக்கின் கடமை. உங்கள் ஆய்வு அதற்கு நடுவில் ஒரு நிமிடம்கூடத் தடையாக நிற்கக் கூடாது.

6. அனுப்புதல்

கொரியர் கவுண்டரில் "ரத்தம்" என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறும். எனக்கு முதல் முறை ஆபத்தான சரக்கு என்று யுஎன்3373 முத்திரை ஒட்டி, மூன்றடுக்குப் பெட்டி வாங்கவைத்து, அதற்கான கட்டணத்தையும் தீட்டிவிட்டார்கள். உண்மையில் விமானச் சரக்குக்கான ஐயாட்டா விதிகளின்படி, காகிதத்தில் உறிஞ்சிக் காய்ந்த ரத்தப் பொட்டுகள் அந்த ஆபத்துச் சரக்கு விதிகளுக்குள் வருவதில்லை. அந்த விதிப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், வாதாட வேண்டாம், காட்டினால் போதும். குழாயில் திரவ ரத்தம் அனுப்பினால் கதை வேறு, அதற்கு யுஎன்3373 வேண்டும்.

எத்திக்ஸ் கடிதத்தின் நகலையும் ஒப்பந்தத்தின் நகலையும் பெட்டிக்கு வெளியே பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள். வியாழன், வெள்ளியில் அனுப்பாதீர்கள். சனி ஞாயிறு முழுக்கப் பெட்டி ஏதாவது கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.

7. ஆய்வகம்

இதைப் பற்றி ஏராளமான செய்முறைகள் கிடைக்கும், நான் கண்ணிகளை மட்டும் சொல்கிறேன்.

அட்டையிலிருந்து வட்டம் வெட்டும்போது, ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் வெறும் தாளில் இரண்டு மூன்று முறை குத்திக் கருவியைச் சுத்தம் செய்யுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, அப்படிக் குத்திய வெறும் வட்டம் ஒன்றையும் மாதிரியாகவே கடைசிவரை ஓட்டுங்கள். கெல்ச்13-க்கு இரண்டு சுற்று பிசிஆர் செய்வோம், மாற்றங்கள் இருக்கும் ப்ரொப்பெல்லர் பகுதியின் 849 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) கிடைக்கும். இரண்டாவது சுற்றுக்குக் குழாயைத் திறக்கும்போதுதான் ஒன்றின் துளி இன்னொன்றில் விழும். பிசிஆர் கலக்கும் மேசையும் டிஎன்ஏ சேர்க்கும் மேசையும் வேறு வேறு அறையில் இருப்பது நல்லது.

ஒட்டுண்ணி எண்ணிக்கை குறைவான மாதிரிகள் சீக்வென்சிங்கில் தோற்கும். முதலில் ஒட்டுண்ணி எவ்வளவு என்று அளக்கும் பிசிஆர் ஓட்டி எது தேறும் என்று பார்த்துக்கொண்டால் பணம் மிஞ்சும். முன்னும் பின்னும் இரண்டு திசையிலும் படியுங்கள். ஓர் இடத்தில் இரண்டு சிகரம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கலப்புத் தொற்றாக இருக்கலாம், "பிழை" என்று அழித்துவிடாதீர்கள்.

டிஎச்பிஎஸ் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் 3டி7 என்ற மூலப் பிரதியிலேயே 437-ஆவது இடத்தில் மாறிய வடிவம்தான் இருக்கிறது. மென்பொருள் "மாற்றம் இல்லை" என்று சொல்லும், ஆனால் இருக்கும். என் வகுப்புத் தோழர் ஒருவர் அட்டவணை முழுவதையும் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் கண்டுபிடித்தார். மற்ற மரபணுக்களின் மூல வரிசையைப் பிளாஸ்மோடிபி என்ற ஒட்டுண்ணி மரபணுத் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள். அதில் கெல்ச்13-இன் எண் பிஎஃப்3டி7_1343700.

கையடக்கமான நானோபோர் சீக்வென்சிங் கருவியும், ஒரே ஓட்டத்தில் பல மரபணுக்களைப் படிக்கும் ஆம்ப்லிகான் முறையும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான மாதிரி இருந்தால் அவைதான் சரி. முப்பது, நாற்பது மாதிரிக்கு ஒவ்வொரு துண்டாகப் படிக்கும் பழைய சாங்கர் முறையே போதும், தவறு செய்தாலும் எங்கே என்று கண்ணால் பார்க்கலாம்.

8. செலவு

விலைப்பட்டியலில் ஒரு "ரியாக்‌ஷன்" என்று போட்டிருப்பார்கள். இரண்டு திசையும் படித்தால் அது இரண்டு ரியாக்‌ஷன். அதோடு 15 சதவீத வாட் வரி சேர்த்திருக்க மாட்டார்கள், சின்ன எழுத்தில் கீழே இருக்கும். நான் போட்ட பட்ஜெட் இந்த இரண்டிலேயே இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. தோற்றுத் திரும்ப ஓட்டுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்சைம்களும் கிட்களும் பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றன. ஆர்டர் போட்டு ஆறு, எட்டு வாரம் காத்திருந்தேன், அதற்குள் ராண்ட் விழுந்தால் விலையும் மாறும். விலைப்பட்டியல் எத்தனை நாள் செல்லும் என்று பார்த்து வாங்குங்கள். பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் மலிவு, உப்பு நீக்கியதே போதும், உயர் சுத்திகரிப்புக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

யாரும் கணக்கில் எழுதாத செலவு பெட்ரோலும் தங்குமிடமும்தான். என் மொத்தச் செலவில் சீக்வென்சிங்குக்கு அடுத்த இடம் அதற்கு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. சிஸ்டர்களுக்கே பொட்டு வைக்கப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பெயரையும் எத்திக்ஸ் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் வேலைக்கு நடுவில்தான் இதையும் செய்வார்கள். போகும்போதெல்லாம் கையில் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன், கணக்கில் "இதர செலவு".

எத்தனை மாதிரி கிடைக்கும் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். வடக்கு குவாசூலு-நட்டாலில் மலேரியா குறைவு, நாட்டுக்கு நல்லது, உங்கள் ஆய்வேட்டுக்குக் கஷ்டம். கிளினிக்கின் பதிவேட்டில் போன இரண்டு சீசன் எண்ணிக்கையைப் பார்த்து, அதில் பாதிதான் சம்மதிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஏதாவது கிடைத்தால்

உறுதிசெய்யப்பட்ட பட்டியலில் உள்ள ஒரு மாற்றம் திரையில் தெரிந்தால் யாருக்கும் ஃபோன் போடாதீர்கள். அதே நோயாளியின் இரண்டாவது பொட்டிலிருந்து எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து ஓட்டுங்கள். மூன்று பொட்டு வைக்கச் சொன்னது இதற்காகத்தான். திரும்பவும் வந்தால் மேற்பார்வையாளர், பிறகு மாகாண மலேரியா திட்டம், ஜொஹானஸ்பர்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம். கட்டுரை அதற்குப் பிறகு. வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் போடுவது இலவசம், வொர்ன் வரைபடத்துக்கும் அனுப்பலாம். கிளினிக்குக்கும் ஒரு பக்கத்தில் முடிவை எழுதிக் கொடுங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டாலும்.

10. நாள்காட்டி

மலேரியா சீசன் இங்கே செப்டம்பரிலிருந்து மே வரை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை எந்த அலுவலகமும் திறந்திருக்காது, அதற்குள் வர வேண்டிய கையெழுத்து எதுவும் வராது. ஆகவே பின்னோக்கி எண்ணுங்கள். சான்றிதழும் கிளினிக்குக்கு முதல் பயணமும் ஜனவரியில். எத்திக்ஸ் விண்ணப்பம் பிப்ரவரியில், தற்காலிக ஒப்புதல் வந்ததும் மாகாணத்தில். ஒப்பந்தத்தை அதோடு கூடவே ஓடவிடுங்கள், முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஜூனில் ரசாயன ஆர்டர், ஆகஸ்டில் சிஸ்டர்களுக்குப் பயிற்சி, செப்டம்பரில் முதல் பொட்டு.

மாதிரிகள் மொத்தமாக வருவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்பும் வாரங்களில். அதாவது ஒன்று தைப்பூசக் காவடியை ஒட்டி வரும், இன்னொன்று பெரிய வெள்ளித் தீமிதியை ஒட்டி வரும். இரண்டுக்கும் இந்த வருடம் வர முடியாது என்று வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.